கொள்ளைநோய்க் காலங்கள் – 14: அம்பன் வந்த வாரம்

சென்ற பகுதியில் மினசோட்டாவின் காட்டுத் தீயைப் பார்த்தோம். 1918 அக்டோபர் 12 அன்று க்ளோகே நகரம் எரிந்தது. ஊரையே ஏற்றிக்கொண்டு ரயில்கள் துலூத்துக்கும் சுப்பீரியருக்கும் ஓடின. அன்றைய தீயில் அந்த வட்டாரத்தில் 453 பேர் மாண்டார்கள். தப்பியவர்கள் மண்டபங்களிலும் தேவாலயங்களிலும் நெருக்கியடித்துப் படுத்திருந்த அதே நாட்களில்தான் ஸ்பானிஷ் காய்ச்சல் அந்த நகரங்களுக்குள் புகுந்திருந்தது. தீயிலிருந்து காப்பாற்றியவர்களுக்கு நோயைப் பற்றி யோசிக்க அவகாசமே கிடைக்கவில்லை.

நூறாண்டு கழித்து வங்காள விரிகுடாவில் அதே இக்கட்டு மறுபடி வந்தது. இந்த முறை அவகாசம் இருந்தது, ஏறத்தாழ ஐந்து நாள். அந்த ஐந்து நாளில் என்ன செய்ய முடிந்தது, அதற்குப் பின் வந்த மாதங்களில் என்ன செய்யாமல் விட்டார்கள் என்பதே இந்தப் பகுதி.

2020 மே மாதம். இந்தியாவில் மார்ச் 25 முதல் ஊரடங்கு. வங்கதேசத்தில் மார்ச் 26 முதல் பொது விடுமுறை என்ற பெயரில் கிட்டத்தட்ட அதே நிலை. மே 19 அன்று இந்தியாவில் தொற்று எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. தடுப்பூசி என்ற பேச்சே அப்போது தொலைவில் இருந்தது. நகரங்களில் வேலையிழந்த தொழிலாளர்கள் சிறப்பு ரயில்களிலும் லாரிகளிலும் கால்நடையாகவும் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒடிசாவுக்கும் மேற்கு வங்கத்துக்கும் வந்து இறங்கியவர்களை வீட்டுக்கு அனுப்பாமல் பள்ளிக்கூடங்களிலும் அரசுக் கட்டடங்களிலும் தனிமைப்படுத்தி வைத்திருந்தார்கள். எங்கே கட்டடம் இருந்ததோ அங்கெல்லாம் ஏற்கெனவே ஆள் இருந்தார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

மே 13 அன்று விரிகுடாவின் தென்கிழக்கில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவானது. 16ஆம் தேதி அது புயலாகி அம்பன் என்ற பெயரைப் பெற்றது. 18ஆம் தேதி மணிக்கு ஏறத்தாழ 240 கிலோமீட்டர் வேகத்தில் காற்று சுழலும் சூப்பர் புயலாக மாறியிருந்தது. 1999 அக்டோபரில் பாரதீப்பைத் தாக்கி ஏறத்தாழ பத்தாயிரம் உயிர்களைக் கொண்டுபோன ஒடிசா புயலுக்குப் பிறகு, விரிகுடாவில் அந்த வலிமையை எட்டிய முதல் புயல் இதுதான். பின்னர் சற்றுத் தளர்ந்தாலும், எங்கே போகும், எந்த நாளில் கரை கடக்கும் என்பதில் மிருத்யுஞ்சய் மஹாபாத்ரா தலைமையிலான இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணிப்பு பிசகவில்லை. கங்கை முகத்துவாரம், சுந்தரவனம், மே 20 பிற்பகல்.

அந்த வட்டாரத்துக்குப் புயல் புதிதல்ல. புயலை எதிர்கொள்ள அங்கே ஐம்பது ஆண்டுகளாகக் கட்டி வளர்த்த ஒரு முறை இருந்தது. அது எப்படி வந்தது என்று தெரியாமல் 2020இன் ஐந்து நாட்கள் புரியாது.

1970 நவம்பர் 12 இரவு. அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் போலா தீவையும் சுற்றியுள்ள மணல் தீவுகளையும் ஒரு புயல் மூழ்கடித்தது. மூன்று லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் பேர்வரை இறந்திருக்கலாம் என்பது கணக்கு. புயல் வருவது வானிலைத் துறைக்குத் தெரிந்தேயிருந்தது. அந்தச் செய்தி, கடைக்கோடித் தீவில் குடிசைக்குள் படுத்திருந்தவரிடம் போய்ச் சேரவில்லை. சேர்ந்த இடங்களிலும் அவர் ஓடிப் போய் ஏறிக்கொள்ள உயரமான இடம் எதுவும் இல்லை. அந்த இரண்டு குறைகளையும் போக்கத்தான் 1972இல் செஞ்சிலுவைச் சங்கம் புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே வங்கதேச அரசும் அதில் சேர்ந்துகொண்டது.

திட்டம் என்றால் பெரிய கருவிகள் எதுவும் இல்லை. ஒவ்வொரு கிராமத்திலும் அந்தக் கிராமத்தவர்களே தொண்டர்கள். கையில் ஒலிபெருக்கி, ஒரு சைக்கிள், சில சிவப்புக் கொடிகள். எச்சரிக்கை எண் நான்கு என்றால் ஒரு கொடி. ஐந்து முதல் ஏழு வரை இரண்டு. எட்டோ அதற்கு மேலோ என்றால் மூன்று கொடி, அதாவது கிளம்பியாக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கம்பத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். கூடவே தூண்கள்மேல் உயர்த்திக் கட்டிய கான்கிரீட் காப்பகங்கள் எழுந்தன. மற்ற நாட்களில் பள்ளிக்கூடமாக இருக்கும் கட்டடம், கடல் பொங்கினால் கீழ்த்தளத்து வழியாகத் தண்ணீரைப் போகவிட்டு மேல்தளத்தில் ஊரைத் தாங்கும். மாடு, ஆடுகளை விட்டுவிட்டு வரமாட்டோம் என்று வீட்டிலேயே இருந்து செத்தவர்கள் அதிகம் என்பதால், கால்நடைகளுக்கும் மண்மேடுகள் எழுப்பப்பட்டன. எதை நம்பி மக்கள் வீட்டை விட்டு எழுந்து வருவார்கள் என்பதைச் சாவுகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு சேர்த்த ஏற்பாடு அது. 1991 புயலில் 1,38,000 பேர் இறந்தார்கள். 2007இல் சிட்ர் புயலில் இறந்தவர்கள் சில ஆயிரம். ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை இறங்கியதற்கு இந்தச் சைக்கிள்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்களில் பலர் சம்பளம் வாங்காதவர்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

இந்தியப் பக்கம் ஒடிசா 1999க்குப் பிறகு இதே வழியில் போனது. பேரிடர் மேலாண்மைக்கெனத் தனி அமைப்பு, கடலோரம் முழுக்க நூற்றுக்கணக்கான புயல் காப்பகங்கள். 2019 மே மாதம் ஃபானி வந்தபோது ஒன்றிரண்டு நாட்களுக்குள் 12 லட்சம் பேரை அப்புறப்படுத்தி உலகத்தின் பாராட்டைப் பெற்ற மாநிலம் அது.

இந்த முறை முழுவதும் ஒரே ஒரு அடிப்படையில்தான் நின்றது: எவ்வளவு பேரை முடியுமோ அவ்வளவு பேரை ஒரே கூரையின்கீழ் சேர்ப்பது. முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தாலும் சரி, உள்ளே வந்துவிட வேண்டும். காப்பகம் நிரம்பி வழிந்தால் அதிகாரிகள் நிம்மதியடைவார்கள். 2020 மே மாதத்தில் கொரோனா கேட்டதோ நேர் எதிரானது. யாரும் யாரையும் நெருங்கக் கூடாது, ஒரே அறையில் பத்துப் பேர் சேர்வதே குற்றம் என்று இரண்டு மாதமாக ஒலிபெருக்கியில் சொல்லிவந்த அதே அரசு, இப்போது அதே ஒலிபெருக்கியில் எல்லோரும் கிளம்பி ஒரே இடத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட வேண்டியிருந்தது.

இரட்டைச் சவால் என்றார் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் தலைமை இயக்குநராக இருந்த எஸ்.என். பிரதான். ஆயிரம் பேர் தங்கும் காப்பகத்தில் ஏறத்தாழ பாதிப் பேரைத்தான் தங்கவைக்க முடியும் என்பது அன்றைய கணக்கு. ஒடிசாவில் நிலைமை இன்னும் இறுகியிருந்தது. அங்கிருந்த எண்ணூற்றுச் சொச்சம் காப்பகங்களில் இருநூறுக்கும் மேற்பட்டவற்றில் சூரத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் திரும்பிய தொழிலாளர்கள் தனிமையில் வைக்கப்பட்டிருந்தார்கள். மிச்சமிருப்பவற்றிலும் பாதி இடம்தான். ஆக, கரையோர ஊர்களிலிருந்த பள்ளிக்கூடங்களையும் கல்லூரிகளையும் தேடிப் பிடித்து ஆயிரக்கணக்கில் பட்டியல் போட்டார்கள். பள்ளிகள் மூடிக் கிடந்தது அந்த ஒரு விஷயத்தில் உதவியாயிற்று.

வங்கதேசம் செய்தது இதைவிடப் பெரிய காரியம். அங்கே இருந்த காப்பகங்கள் 4,171. சில நாட்களுக்குள் அவற்றோடு ஏறத்தாழ 10,500 கட்டடங்களைச் சேர்த்தார்கள். பள்ளிகள், மதரசாக்கள், அரசு அலுவலகங்கள் என்று கூரையும் சுவரும் உறுதியாக இருந்த எல்லாம் காப்பகமாயின. நோய்க்காக இடத்தைப் பாதியாகக் குறைத்தவர்கள், கட்டடங்களின் எண்ணிக்கையை மூன்று மடங்குக்கும் மேலாக உயர்த்தினார்கள். 70,000க்கும் மேற்பட்ட தொண்டர்கள் இறங்கினார்கள். முகக்கவசம், சோப்பு, கிருமிநாசினி ஆகியவை காப்பகங்களுக்குப் போயின. காய்ச்சலும் இருமலும் உள்ளவர்களுக்குத் தனி அறை ஒதுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. கட்டடத்தைத் தேடிய இந்த வேலையைப் பற்றி யாரும் காவியம் பாடமாட்டார்கள். ஆனால் எத்தனையோ சாவிகளை எத்தனையோ பேரிடமிருந்து வாங்கி, கூரையைச் சோதித்து, கழிவறையைத் திறந்துவிட்டு, தண்ணீர் நிரப்பிய இந்த வேலைதான் லட்சக்கணக்கானவர்களைக் காப்பாற்றியது என்பது என் உறுதியான எண்ணம்.

கட்டடம் கிடைத்துவிட்டால் மக்கள் வந்துவிடுவார்களா? பலர் தயங்கினார்கள். புயல் நாளைதான் வரும், நோய் இன்றே பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடமிருந்து வந்துவிடும் என்ற பயம். அதிலும் அது ரம்ஜான் மாதம். வங்கதேசத்துக் கரையிலும் சுந்தரவனத்தின் பல ஊர்களிலும் பகல் முழுக்க நோன்பிருந்தவர்கள், சஹருக்கும் நோன்பு திறப்பதற்கும் வேண்டியதை எடுத்துக்கொண்டு முதியவர்களையும் பிள்ளைகளையும் நடத்திக்கொண்டு போக வேண்டியிருந்தது. கட்டாயப்படுத்தி வண்டியில் ஏற்றுவதைவிட, தெரிந்த முகம் வந்து வாசலில் நின்று கூப்பிடுவதுதான் அங்கே வேலை செய்தது. இந்தத் தொண்டர்களின் பலமே அதுதான். ஊர்க்காரர்கள், யார் வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார், யார் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறார் என்று அறிந்தவர்கள். பட்டுவாக்காளி மாவட்டத்தின் கலாபாராவில் இப்படி எச்சரிக்கை சொல்லப் போன ஒரு தொண்டர், படகு கவிழ்ந்து நீரில் மூழ்கி இறந்தார். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவரைப் போன்றவர்களின் வரலாறு தனியாக எழுதப்பட வேண்டும்.

கரை கடக்கும் நேரத்துக்குள் வங்கதேசத்தில் 24 லட்சம் பேர் காப்பகங்களுக்கு வந்திருந்தார்கள். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளும் மேட்டுக்குப் போயிருந்தன. மேற்கு வங்கத்தில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரும், ஒடிசாவில் இரண்டு லட்சத்தை ஒட்டியும் அப்புறப்படுத்தப்பட்டார்கள். மோங்லா, பாய்ரா துறைமுகங்களில் பெரும் அபாயத்தைக் குறிக்கும் பத்தாம் எண் எச்சரிக்கை ஏற்றப்பட்டது.

மே 20 பிற்பகல், பக்காலிக்கு அருகே, மணிக்கு 155 முதல் 165 கிலோமீட்டர் வேகத்தில் அம்பன் கரையேறியது. இரண்டு நாளில் அமாவாசை. கடலே பொங்கி நிற்கும் ஓத நாட்களில் புயலும் சேர்ந்து தள்ளியது. காக்தீப், நாம்கானா, பாதர்பிரதிமா, கோசாபா, சந்தேஷ்காளி, ஹிங்கல்கஞ்ச் என்று சுந்தரவனத்தின் ஊர்களெல்லாம் அன்றிரவு காற்றுக்கும் உப்புநீருக்கும் நடுவில் இருந்தன. காப்பகங்களில் மேல்தளத்தில் கதவைத் தாளிட்டு உட்கார்ந்திருந்தவர்களிடம் ஆறடி இடைவெளி என்பது பல இடங்களில் நிற்கவில்லை. நிற்காதென்பது முன்கூட்டியே தெரிந்ததுதான். ஓலமிடும் காற்றில் தாய் பிள்ளையை அணைத்துக்கொள்வாள், பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து ஒண்டுவார். காற்றடிக்கும் அந்த ஏழெட்டு மணி நேரத்தில் கடல் கொல்வது உறுதி, நோய் கொல்வது ஒரு சாத்தியம் மட்டுமே என்று தீர்மானித்தவர்கள் சரியாகவே தீர்மானித்தார்கள்.

கொல்கத்தாவிலும் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசியது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. விமான நிலையம் தண்ணீரில் நின்றது. காலேஜ் தெருவின் பழைய புத்தகக் கடைகளிலிருந்து புத்தகங்கள் தெருவெள்ளத்தில் மிதந்தன. ஷிப்பூர் தாவரவியல் பூங்காவின் புகழ்பெற்ற ஆலமரமும் அடி வாங்கியது. வீட்டிலேயே இரு என்று சொல்லப்பட்ட நகரத்தில் பல நாட்கள் மின்சாரமும் குடிநீரும் கைபேசித் தொடர்பும் இல்லை; பொறுக்க முடியாமல் மக்கள் ஊரடங்கை மீறித் தெருவில் இறங்கி மறியல் செய்தார்கள். சாய்ந்த மரங்களை வெட்ட ஊரடங்கால் ஆள் கிடைக்காத நிலையில் ராணுவம் வந்தது, ஒடிசாவிலிருந்து குழுக்கள் வந்தன. தொழிலாளர் ரயில்களைச் சில நாள் அனுப்பாதீர்கள் என்று மேற்கு வங்க அரசு கேட்டுக்கொண்டது. ஊரில் வீடு என்ன ஆயிற்று என்று தெரியாமல் வெளிமாநிலங்களில் அடைபட்டுக் கிடந்தவர்களின் தவிப்பு இன்னும் நீண்டது.

மேற்கு வங்கத்தில் நூறை ஒட்டிய உயிரிழப்பு. வங்கதேசத்தில் இருபதுக்கும் மேல். மரம் விழுந்தும் சுவர் இடிந்தும் அறுந்த மின்கம்பி தாக்கியும் இறந்தவர்கள்தான் நிறையப் பேர். கடல் அள்ளிக்கொண்டு போனவர்கள் முந்தைய புயல்களோடு ஒப்பிட மிகக் குறைவு. அதே முகத்துவாரத்தில் 1970இல் நடந்ததை நினைத்துப் பார்த்தால், இது மனிதர்கள் கூடிச் செய்த மாபெரும் காரியம் என்று தயங்காமல் சொல்லலாம்.

நோய் இதில் எவ்வளவு பரவியது? அடுத்த வாரங்களில் மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் தொற்று கூடியது. அதே வாரங்களில் ரயில்கள் ஓடத் தொடங்கின, ஊரடங்கு தளர்ந்தது, ஈத் வந்தது. இவற்றிலிருந்து காப்பகத்தின் பங்கை மட்டும் பிரித்தெடுக்க வழியில்லை. ஆனால் நேரடியாகத் தெரிந்த ஒரு கணக்கு உண்டு. ஒடிசாவின் கட்டக் அருகே முகாமிட்டிருக்கும் மீட்புப் படைப் பிரிவிலிருந்து கொல்கத்தாவுக்கு மரம் வெட்டவும் மீட்புக்கும் போய்த் திரும்பிய வீரர்களில் ஏறத்தாழ ஐம்பது பேருக்கு ஜூன் மாதம் தொற்று உறுதியானது. பாதுகாப்பு உடை கொண்டுபோனவர்கள் அவர்கள். சாய்ந்து கிடக்கும் மரத்தை மே மாதத்து வெயிலில் இழுக்கும்போது அந்த உடையில் எவ்வளவு நேரம் இருக்க முடியும்? மற்றவர்களைக் காப்பாற்றப் போனவர்கள் நோயைச் சுமந்து திரும்பினார்கள் என்பது இந்தக் கதையில் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடக் கூடாது.

மே 22 அன்று பிரதமர் விமானத்திலிருந்து பார்வையிட்டு மேற்கு வங்கத்துக்கு 1,000 கோடியும் ஒடிசாவுக்கு 500 கோடியும் அறிவித்தார். உலக வானிலை அமைப்பு பின்னர் கணக்கிட்ட இழப்பு ஏறத்தாழ 1,400 கோடி டாலர். செய்தித்தாள்கள் ஒரு வாரத்தில் வேறு செய்திக்குப் போயின. நான் நெடுநேரம் நிற்க விரும்புவது இங்கேதான்.

சுந்தரவனத்தின் இந்தியப் பகுதியில் 102 தீவுகள். அவற்றில் 54இல் மனிதர்கள் வாழ்கிறார்கள், ஏறத்தாழ 45 லட்சம் பேர். பல தீவுகளின் நிலம், ஏறும் ஓதத்தின் மட்டத்தைவிடத் தாழ்ந்தது. சுற்றிலும் எழுப்பிய மண் கரைகள், மொத்தம் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர், அவைதான் ஊரையும் வயலையும் கடலிலிருந்து பிரிக்கின்றன. 2009 மே 25 அன்று அய்லா புயலில் இந்தக் கரைகள் நூற்றுக்கணக்கான இடங்களில் உடைந்தன. உப்புநீர் புகுந்த வயலில் சில ஆண்டுகள் நெல் விளையாது. குளத்து மீன் செத்து மிதக்கும், குடிக்கிற தண்ணீர் கரிக்கும். அய்லாவுக்குப் பிறகு வீட்டுக்கு ஒருவர் இருவர் என்று கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் அந்தமானுக்கும் வேலைக்குக் கிளம்பினார்கள். நம் ஊர்க் கட்டட வேலைகளில் நாம் பார்க்கும் வங்காளத் தொழிலாளர்களில் அப்படிக் கிளம்பியவர்களும் உண்டு.

ஊரடங்கில் ஊர் திரும்பியவர்கள் அவர்களேதான். தனிமை முகாமில் நாட்களைக் கழித்து, சிலர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த அந்த வாரமே அம்பன் வந்து அதே கரைகளை மறுபடி உடைத்தது. உடைப்புகளை அடைக்க ஆட்களை அனுப்புவதும் மூங்கிலும் மண்மூட்டையும் கொண்டுசேர்ப்பதும் நோய்க் கட்டுப்பாடுகளால் தடைபட்டன. அடுத்த ஓதம் வரும்வரை காத்திருக்க முடியாத மக்களே இறங்கினார்கள். எல்லைக்கு அப்பால், குல்னா மாவட்டத்தின் கோய்ராவில், மே 25 அன்று ஈத் பெருநாள். உடைந்த கரையை அடைக்கக் கூடியிருந்தவர்கள் முழங்கால் அளவுத் தண்ணீரில் வரிசையாக நின்று பெருநாள் தொழுகையை முடித்து, வேலையைத் தொடர்ந்தார்கள். திடலில் கூட வேண்டாம், கை குலுக்க வேண்டாம் என்று நாடெங்கும் சொல்லப்பட்ட ஈத் அது. தோளோடு தோள் உரசாமல் மண்மூட்டை கைமாற முடியாது.

வீடு போனவர்கள் கரைமேல் தார்ப்பாய் விரித்துக் குடியிருந்தார்கள். அவலும் வெல்லமும் கொண்டுவரும் தொண்டு நிறுவனப் படகுக்குக் கூட்டம் கூடியது. புயலிரவின் ஏழெட்டு மணி நேரத்துக்குத் திட்டமிட்டவர்கள், அடுத்த ஏழெட்டு மாதத்துக்குத் திட்டமிடவில்லை. காப்பகத்தில் ஒருவருக்கு எத்தனை அடி இடம் என்று கணக்குப் போட்டார்கள்; கரைமேல் ஒரே தார்ப்பாயின்கீழ் எத்தனை பேர் எத்தனை மாதம் படுப்பார்கள் என்று யாரும் கணக்குப் போடவில்லை. முன்னெச்சரிக்கைக்கு ஐம்பது ஆண்டாகச் செலவிட்ட அக்கறையில் ஒரு பகுதியையாவது அந்தக் கரைகளுக்குச் செலவிட்டிருந்தால் மக்கள் அவ்வளவு நாள் அப்படிக் கிடந்திருக்க மாட்டார்கள். ரயில்கள் மீண்டும் வழக்கம்போல் ஓடத் தொடங்கியதும் அந்த ஊர்களின் ஆண்கள் மறுபடி தெற்கே கிளம்பினார்கள்.

ஓராண்டில் யாஸ் புயல் வந்தது. 2021 மே 26, பௌர்ணமி, சந்திர கிரகணம். கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்து இறங்கத் தொடங்கியிருந்த நேரம். காற்று கரையேறியது ஒடிசாவில். ஆனால் பௌர்ணமி ஓதத்தின் நீர் ஏறியது சுந்தரவனத்தின் அதே கரைகளில், பல இடங்களில் அம்பனில் உடைந்து மண்ணள்ளிப் போட்டு அடைத்த அதே உடைப்புகளின் வழியே. லட்சக்கணக்கானவர்கள் மறுபடியும் காப்பகங்களுக்கு நடந்தார்கள்.

அதை எழுதுமுன் மேற்குக் கடலுக்குப் போக வேண்டியிருக்கிறது. அம்பன் கரை கடந்து இரண்டு வாரத்தில், 2020 ஜூன் 3 அன்று, நிசர்கா புயல் அலிபாக்கை நோக்கி வந்தது. மும்பையில் திறந்த மைதானத்தில் கூடாரமாக எழுப்பியிருந்த கொரோனா மருத்துவமனையிலிருந்து நோயாளிகளையே வெளியேற்ற வேண்டியிருந்தது. அந்தக் கதை அடுத்த பகுதியில்.